மாயாபந்தர் போயிருக்காங்க

எங்கள் ஊரில் பூட்டிய வீட்டைக் காட்டி, "இங்க யாராவது இருக்காங்களா?" என்று அதிகாரி கேட்டால், பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும். "இருக்காங்க சார். மாயாபந்தர் போயிருக்காங்க. சாயங்காலம் வந்துடுவாங்க." மாயாபந்தர்தான் எங்கள் தீவில் ஆஸ்பத்திரியும் கடைவீதியும் இருக்கிற பக்கத்து டவுன். இந்தப் பதிலை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. தமிழ்க்காரர் தமிழ் கலந்த இந்தியில் சொல்வார், வங்காளத்துக்காரர் வங்காளம் கலந்த இந்தியில் சொல்வார், ராஞ்சிக்காரர் வாயைத் திறக்காமல் போட் நிற்கிற ஜெட்டிப் பக்கம் கையைக் காட்டுவார். அந்த வீட்டுக்காரரோ சென்னையில் ஏதோ கம்பெனியில் இருப்பார், இல்லை ஹேவ்லாக்கில் ரிசார்ட்டில் வேலை பார்ப்பார், இல்லை போர்ட் பிளேருக்கு எதிரே பாம்பூஃப்ளாட்டில் தகர வீடு கட்டிக்கொண்டு தினமும் படகேறிச் சாத்தம் பக்கம் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார். இங்கே அவர் வீட்டு ஜன்னல் வழியாகக் காட்டுக்கொடி உள்ளே போய்க் கூரை வழியாக வெளியே வந்திருக்கும். இருந்தாலும் அவர் மாயாபந்தர்தான் போயிருக்கிறார்.

அந்த ஊருக்கு நான்தான் பிரதான். மெயின்லேண்டில் பஞ்சாயத்துத் தலைவர் என்பார்கள், இங்கே பிரதான். போன தேர்தலில் எங்கள் பஞ்சாயத்தைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். ஜெட்டி ஓரம் வீட்டோடு சேர்த்து மளிகைக் கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர், "கடைக்கு வர்றவன்கிட்ட எல்லாம் சண்டை போடுறியே, அதைப் போய்ப் பஞ்சாயத்துல போடு. எனக்காவது வியாபாரம் நடக்கும்" என்று சொல்லி மனுப் போட வைத்தார். எதிர்த்து நின்ற வங்காளத்து அம்மா, மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போர்ட் பிளேர் போனவர், திரும்பி வரவில்லை. அப்படித்தான் ஜெயித்தேன். ஜெயித்த அன்றைக்கு எனக்கு மாலை வாங்கப் பூக்கடைகூட ஊரில் இல்லை.

போனவர்கள் ஏன் பெயரை மட்டும் இங்கே விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஐலண்டர் கார்டு என்று ஒன்று இருக்கிறது. தீவுக்காரர் என்பதற்கு அத்தாட்சி. அது கையில் இருந்தால் கப்பலில் டிக்கெட் குறைவு, இடமும் முதலில் கிடைக்கும். பிள்ளைகளுக்குக் காலேஜில் தீவுக்காரர் என்று தனி இடம் உண்டு. வோட்டும் ரேஷனும் இங்கே இருந்தால்தான் அந்தக் கார்டு நிற்கும். பெயரை எடுத்துவிட்டால் அப்பா அம்மா செத்தால்கூடப் பார்க்க வர மற்றவர்களைப் போல முழுக் காசு கொடுத்து, வரிசையில் கடைசியில் நிற்க வேண்டும். அதனால் யாரும் எடுப்பதில்லை. போகிறவர் பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுப்பார், கூடவே ஒரு பழைய சேலையோ லுங்கியோ கொடுப்பார். கொடியில் துணி காய்ந்தால் வீட்டில் ஆள் இருப்பது போலத் தெரியும் அல்லவா? எங்கள் ஊரில் ஆளில்லாத வீட்டுக் கொடிகளில் அப்படி வெளுத்துப்போன துணிகள் ஆடிக்கொண்டே இருக்கும்.

இதைச் செய்யாத வீடு ஒன்றுதான். எங்கள் எதிர்வீட்டு அக்கா. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கைக்குழந்தையாகக் கப்பலேறி, அப்பா அம்மாவோடு இந்தத் தீவுகளுக்கு ரப்பர் வேலைக்கு வந்தவள். இங்கேயே கல்யாணம், இங்கேயே பிள்ளை, இங்கேயே பாக்குத் தோட்டம். அவளுக்கு இரண்டு பக்கமும் பூட்டிய வீடுகள் இருந்தன. அதிகாரி வந்து கேட்டால் அவள் சொல்வது, "இல்ல சார். போயி வருஷமாச்சு. வர மாட்டாங்க." அவ்வளவுதான். துணி கொடுத்தால் வாங்க மாட்டாள். "ஏம்புள்ள, செத்தவன் பேரையாவது சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சுக்கலாம். போனவன் பேரை எதுக்கு வச்சிக்கிட்டு அழுவுறீங்க?" என்று என்னையே கேட்பாள். போனவர்கள் போன் பண்ணி என்னிடம் புலம்புவார்கள். நான் போய் அவளைக் கெஞ்சுவேன். "பிரதானம்மா சொன்னா பொய் மெய்யாயிருமா?" என்று முறத்தைத் தட்டிக்கொண்டே உள்ளே போய்விடுவாள்.

அவளுக்கும் அவள் வீட்டுக்காரருக்கும் வந்த கஷ்டத்திலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. அவரை நான் அத்தான் என்பேன். பாக்கு மரத்தில் அணில் போல ஏறுகிற மனிதர். ஒரு நாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். வலது கையும் காலும் போய்விட்டன. பேச்சும் குழறல். மாயாபந்தர் ஆஸ்பத்திரியில், வாரா வாரம் கூட்டி வந்து கை கால் பயிற்சி கொடுத்தால் நடந்துவிடுவார், விட்டால் படுக்கைதான் என்றார்கள்.

வாரா வாரம் எப்படிப் போவது? முன்பு எங்கள் ஜெட்டியில் சர்க்கார் போட் நின்று போகும். காலையில் ஏறினால் வெயில் ஏறுவதற்குள் மாயாபந்தர். ஜெட்டித் தூண் ஒன்று விரிசல் விட்டது என்று சொல்லி நிறுத்தினார்கள். பிறகு பாதையில் இருந்த மரப்பாலம் உளுத்துப்போய் பஸ்ஸையும் நிறுத்தினார்கள். மழை இல்லாத மாதங்களில் ஜீப் மட்டும் ஓடைக்குள் இறங்கி ஏறி வரும். அந்தக் குலுக்கலில் அத்தானை ஒரு தடவை கூட்டிப்போனோம். வழி நெடுக அவர் கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. மழை பிடித்தால் அதுவும் இல்லை.

அவர்கள் மகன் சென்னையில் இருக்கிறான். நல்ல பையன், குறை சொல்ல முடியாது. "அம்மா, அப்பாவைக் கூட்டிட்டு இங்க வந்துடு, ஆஸ்பத்திரி தெரு முனையில இருக்கு" என்று தினமும் போன். அக்கா கடைசியில் அவனிடம் ஒரு தவணை வாங்கினாள். மழைக்கு முன்னால் போட் வந்தால் இங்கேயே இருப்பது. வராவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டு அவனோடு போவது. அதை என்னிடம் வந்து சொன்னபோது அவள் கண் கலங்கவில்லை, எனக்குத்தான் கலங்கியது. "மெயின்லேண்டுல எனக்கு யாரு புள்ள இருக்கா? நான் பொறந்தது தோட்டத்து லய வீட்டுல, வளந்தது இந்தத் தீவுல. அங்க போய் நின்னா எந்தூரு எந்தூருன்னு கேப்பாங்க. என்னத்தச் சொல்றது?" என்றாள். பிறகு எழுந்து, "நீதானே பிரதான்? போட்டைக் கொண்டா" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஏதோ போட்டை நான் முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறது போல.

போட் வேண்டும் என்றால் கிராம சபை கூடித் தீர்மானம் போட வேண்டும். கிராம சபை கூட வேண்டும் என்றால் வோட்டர்களில் சட்டம் சொல்கிற அளவுக்காவது ஆள் உட்கார வேண்டும். அந்த அளவைப் பட்டியலில் இருக்கிற பெயர்களை வைத்துத்தான் கணக்குப் பார்ப்பார்கள். பட்டியலில் எங்கள் ஊர் பெரிய ஊர். நிஜமாக வந்து உட்கார ஆள் கேட்டால் ஈதான் ஓட்ட வேண்டும். இருக்கிற கொஞ்சப் பேரிலும் ஆண்கள் கடலுக்குப் போயிருப்பார்கள், பெண்கள் பாக்கு உரிக்கப் போயிருப்பார்கள். இரண்டு தடவை கூட்டம் போட்டேன். பஞ்சாயத்து செக்ரட்டரி தெலுங்குக்காரர், அமைதியான மனிதர், எல்லா மொழியும் கொஞ்சம் கொஞ்சம் பேசுவார். நாற்காலிகளைப் பார்த்து, கடிகாரத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, "கோரம் நஹீ ஹுவா மேடம். ஆள் பத்தலை" என்பார். அத்தோடு டீயைக் குடித்துவிட்டு எழுந்துகொள்வோம்.

"போனவன் பேரெல்லாம் அடிச்சிட்டா நாம உக்காந்தாலே போதும்ல? அடிக்கச் சொல்லு" என்றாள் அக்கா. சொல்வது நியாயம்தான். ஆனால் அடித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆள் குறைந்த பஞ்சாயத்தை ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடப் போவதாக ஆபீசில் ஏற்கனவே பேச்சு. சேர்த்துவிட்டால் ரேஷன் கடை அங்கே போகும், ஸ்கூல் அங்கே போகும், நான் வீட்டுக்குப் போவேன், அது பெரிதில்லை. எங்கள் ஜெட்டிக்குப் போட் கேட்க ஒரு வாய்கூட இருக்காது. பெயர்கள் இருந்தால் கூட்டம் நடக்காது, பெயர்களை எடுத்தால் ஊரே இருக்காது. இப்படி ஒரு கட்டு எங்களுக்கு யார் போட்டார்கள் என்று நினைத்தால் எரிச்சலாக வரும். யாரும் போடவில்லை. நாங்களே போட்டுக்கொண்டதுதான்.

வழி சொன்னது என் வீட்டுக்காரர். "பங்குனி உத்திரத்துக்கு எல்லாப் பயலும் வருவான்ல? சோறு போடுறதுக்கு முன்னாடி கூட்டத்தைப் போடு" என்றார். அட, ஆமாம்! முருகன் கோவில் திருவிழாவுக்கு மட்டும் போனவர்கள் கப்பலேறி வருவார்கள். தமிழர் மட்டுமில்லை, வங்காளத்துக்காரரும் ராஞ்சிக்காரரும் காவடி பார்க்க வந்து பந்தியில் உட்காருவார்கள்.

அந்த வருஷம் காவடி முடிந்து, அன்னதானப் பந்தி போட்டு, இலையெல்லாம் விரித்த பிறகு நான் மைக்கைப் பிடித்தேன். "யாரும் எழுந்திருக்கக் கூடாது. இப்ப கிராம சபை. தீர்மானம் போட்டாத்தான் சாம்பார்" என்றேன். ஒரே சிரிப்பு. "என்னம்மா அக்கிரமம் இது, பசிக்குது" என்று சென்னைக்காரர் ஒருவர் கத்தினார். "உம் பேரு இங்க சும்மாதானே கெடக்கு? ஒரு நாள் வேலை செய்யட்டும், கையத் தூக்கு" என்று அக்கா பந்தியின் நடுவில் நின்று பதில் கத்தினாள். செக்ரட்டரி இலைகளுக்கு நடுவே நடந்து, தலைகளைப் பார்த்துக்கொண்டே போய்த் திரும்பி வந்து, என் காதருகில், "மேடம், ஹோ கயா. ஆள் இருக்கு" என்றார். அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எல்லாரும் கை தூக்கினார்கள். அத்தானைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தோம். அவர் இடது கையைத் தூக்கினார்.

இங்கேயே இதை முடித்துவிடலாம் போலத்தான் இருக்கிறது.

ஆபீசிலிருந்து பதில் சீக்கிரமே வந்தது. எனக்கே நம்ப முடியவில்லை. ஜெட்டித் தூணுக்குக் கட்டுப் போட்டு, சில நாட்கள் போட்டை அங்கே நின்று போக விட்டுப் பார்ப்போம், ஏறுகிற கூட்டத்தைப் பார்த்து மேலே முடிவு செய்வோம் என்று இருந்தது. எந்த நாளில் ஆபீசர் போட்டில் வந்து ஆள் எண்ணப் போகிறார் என்பதைச் செக்ரட்டரி எப்படியோ விசாரித்து வந்துவிட்டார். அன்று சாயங்காலமே என் கடை வாசலில் ஊர் கூடியது. கூட்டிப் பேச வேண்டிய அவசியமே இல்லை, எல்லார் மனதிலும் ஒரே யோசனை. அன்றைக்கு ஊரே ஏறிவிடுவது. ஒரு ஆள் விடாமல். வேலை இருக்கிறதோ இல்லையோ, மாயாபந்தர் போய் வருவது. வாத்தியார் பிள்ளைகளைச் சுற்றுலா என்று கூட்டி வருகிறேன் என்றார். பூசாரி விளக்கை ஏற்றி வைத்துவிட்டு வருகிறேன் என்றார். ராஞ்சிக் குடியிருப்பில் காது கேட்காத ஒரு தாத்தா, அவரையும் தூக்கி வருகிறோம் என்றார்கள். இதில் என்ன தப்பு வந்துவிடப் போகிறது? ஒருத்தருக்கும் தோன்றவில்லையே, அதுதான் இன்றைக்கும் என் நெஞ்சை அறுக்கிறது.

அந்தக் காலை போல ஒரு காலையை எங்கள் ஜெட்டி பார்த்ததில்லை. அக்கா மாம்பழக் கலர் பட்டுச் சேலை கட்டியிருந்தாள், மகன் முதல் சம்பளத்தில் எடுத்துக் கொடுத்தது. அத்தானுக்கு வெள்ளைச் சட்டை போட்டு, தலையில் எண்ணெய் வைத்து வாரிவிட்டிருந்தாள். "என்ன அக்கா, பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்று கேட்டேன். "ஆமா, உனக்குச் சக்களத்தி பாக்கப் போறோம்" என்றாள். போட்டில் நிற்க இடமில்லை. டிக்கெட் கொடுக்கிறவர் திணறினார். எண்ண வந்த ஆபீசர் பேனாவை வைத்துக்கொண்டு முழித்தார். அத்தான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தார். அன்று ஆஸ்பத்திரியில் அவரைப் பிடித்துக்கொண்டு ஐந்தாறு எட்டு நடக்க வைத்தார்கள். மற்ற நாங்கள் எல்லாம் மாயாபந்தரில் செய்ய ஒன்றுமில்லாமல், மரத்தடியில் உட்கார்ந்து சமோசா தின்றோம். பிள்ளைகள் ஐஸ் வாங்கிச் சட்டையில் ஒழுக விட்டார்கள். சந்தோஷமாக இருந்தோம். அதைச் சொல்லத்தான் வேண்டும், ரொம்பச் சந்தோஷமாக இருந்தோம்.

சாயங்காலம் திரும்பி ஜெட்டியில் இறங்கினோம். முதலில் பார்த்தது என் வீட்டுக்காரர். எங்கள் கடைக் கதவில் சாக்பீசால் பெரிய பெருக்கல் குறி, ஆளில்லாத வீடு என்று அதிகாரிகள் போடுவது. பக்கத்துக் கதவிலும். அதற்கடுத்த கதவிலும். பஞ்சாயத்து ஆபீசில், ஸ்கூலில், கோவில் கம்பிக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில். ஜன்னல் வழியாகக் கொடி வளர்ந்த வீட்டில் இருந்த அதே குறி, அக்கா வீட்டுக் கதவிலும். பாதையில் ஜீப் டயர் வந்து போன தடம் ஈரமாகக் கிடந்தது.

போட்டில் ஒருவர் எண்ணுவார் என்றுதான் எங்களுக்குத் தெரியும். அதே நாளில் இன்னொருவர் ஜீப்பில் வந்து, ஊரில் உண்மையாகவே எத்தனை வீட்டில் ஆள் இருக்கிறது என்று பார்ப்பார் என்பது யாருக்கும் தெரியாது. அவர் ஒவ்வொரு கதவாகத் தட்டியிருக்கிறார். எல்லா நாளும் பூட்டிய வீட்டுக்காக ஓடி வந்து, "மாயாபந்தர் போயிருக்காங்க சார்" என்று சொல்கிற வாய்கள் எல்லாம் அன்று மாயாபந்தரில் சமோசா தின்றுகொண்டிருந்தன. எத்தனையோ வருஷமாகச் சொன்ன பொய், அந்த ஒரு நாள் எல்லா வீட்டுக்கும் உண்மையாக இருந்தது. சொல்லத்தான் ஆளில்லை. நாய்களும் கோழிகளும் இருந்தன. அவற்றைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கும்.

நானும் செக்ரட்டரியும் அந்தக் குலுக்கல் ஜீப்பில் ஆபீசுக்குப் போனோம். ஜீப்பில் வந்துபோன அதே அதிகாரி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கெட்டவர் இல்லை, உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். "சார், அன்னைக்கு நாங்க எல்லாரும் மாயாபந்தர் போயிருந்தோம்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். முதலில் உதடு லேசாக வளைந்தது, பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். "நான் முன்பும் உங்கள் ஊருக்கு வீடு பார்க்க வந்திருக்கிறேன், மேடம். ஒவ்வொரு பூட்டிய வீட்டுக்கும் இதைத்தானே சொன்னீர்கள்? இப்போது மொத்த ஊருக்கும் சேர்த்துச் சொல்கிறீர்கள்" என்றார் இந்தியில்.

என் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "போட்டில எண்ணினீங்களே, அவங்க எல்லாம் யாரு? பேயா?" என்று கத்தினேன். அதற்கு அவர், ஊரில் ஒரு வீட்டிலும் ஆள் இல்லை, போட்டில் இத்தனை பேர் என்றால், எங்கிருந்தோ கூட்டி வந்து ஏற்றியிருக்கிறீர்கள் என்றுதானே யாரும் நினைப்பார்கள் என்று கேட்டார். அப்படியேதான் எழுதி மேலே அனுப்பியும் விட்டாராம், எங்கள் ஜெட்டியில் இனி போட் நிற்காதாம். நான் மேஜையைத் தட்டினேன். செக்ரட்டரி என் முழங்கையைப் பிடித்தார். அதிகாரி கோபப்படவில்லை. "வேண்டுமானால் இன்னொரு தீர்மானம் போட்டு அனுப்புங்கள், திரும்பப் பார்க்கலாம்" என்றார். இன்னொரு தீர்மானம்! அடுத்த பங்குனிக்கு அல்லவா ஆள் வரும். வெளியே வந்து, செக்ரட்டரி சமோசா வேண்டுமா என்று கேட்டார். அந்த நல்ல மனிதரைத் திட்டிவிட்டேன்.

அக்காவிடம் போய்ச் சொல்ல எனக்குக் கால் வரவில்லை. அவளே வாசலுக்கு வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். "சரி, உள்ள வா. சோறு தின்னியா?" என்றாள். கதவில் சாக்பீஸ் குறி அப்படியே இருந்தது. ஊரில் எல்லாரும் அன்றைக்கே ஈரத் துணியால் துடைத்துவிட்டோம், அவள் துடைக்கவில்லை. நான் துடைக்கப் போனேன். "கெடக்கட்டும் விடு, சரியாத்தான் போட்டிருக்கான்" என்றாள்.

முதல் மழைக்கு முன்னால் மகன் வந்தான். பாக்குத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள யாரும் கிடைக்கவில்லை, விட்டுவிட்டார்கள். கோழிகளை எனக்குக் கொடுத்தாள். டுங்கி என்று நாங்கள் சொல்லும் சின்னப் படகு ஒன்றை வாடகைக்குப் பிடித்து, அதில் மெத்தை போட்டு, அத்தானைப் படுக்க வைத்தார்கள். ஊரில் மிச்சம் இருந்தவர்கள் எல்லாம் ஜெட்டிக்கு வந்தார்கள். வங்காளத்துப் பெண் ஒருத்தி அவல் பொட்டலம் கொடுத்தாள். எல்லாரும் அழுதார்கள், அக்காவும் நானும்தான் அழவில்லை. நான் விறைப்பாக நின்றேன். எனக்கு அவள் மேல் கோபம், போட் மேல் கோபம், ஆபீசர் மேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேலாக எங்கள் வாய்கள் மேல் கோபம்.

படகில் கால் வைத்தவள், திரும்பி இறங்கி என்னிடம் வந்தாள். பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து என் கையில் வைத்தாள். அதோடு ஒரு பழைய வாயில் சேலை. நீலத்தில் சின்னச் சின்னப் பூ. வீட்டு வேலைக்குக் கட்டுவது, ஓரம் நைந்தது.

"இதைக் கொடியில போடு புள்ள" என்றாள்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கேலி செய்கிறாள், இப்போது சிரித்துவிடுவாள் என்று காத்திருந்தேன். அவள் சிரிக்கவில்லை. முதல் தடவையாகக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எம் பேரை எடுத்துடாத" என்றாள். "அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் திரும்பி வரணும்ல. பேரு இருந்தாத்தானே வர முடியும்?"

"எடுக்க மாட்டேன் அக்கா" என்றேன்.

"யாராச்சும் கேட்டா..." என்று தொடங்கினாள். முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இல்லை. மகன் கையைப் பிடித்து ஏற்றினான். படகு ஓடை முகத்தில் திரும்பும் வரை நின்றோம், பிறகு வீட்டுக்கு வந்தோம்.

அதற்குப் பிறகு நடந்தது என்று பெரிதாக ஒன்றுமில்லை. மழை வந்தது, ஜீப்பும் நின்றது. ராஞ்சிக் குடியிருப்பில் இரண்டு குடும்பம் ஹேவ்லாக்குக்குப் போனது. வாத்தியார் மாற்றல் கேட்டிருக்கிறார். கிராம சபைக் கூட்டம் சட்டப்படி நடத்த வேண்டும் என்பதால் நடத்துகிறேன். செக்ரட்டரி நாற்காலிகளைப் பார்க்கிறார், கடிகாரத்தைப் பார்க்கிறார், இப்போதெல்லாம் வாயைத் திறந்து சொல்வதில்லை. டீயைக் குடித்துவிட்டு எழுந்துகொள்கிறோம். அக்காவின் பெயரும் அத்தானின் பெயரும் பட்டியலில் இருக்கின்றன. வர வேண்டிய ஆட்களில் இன்னும் இரண்டு பேர் குறைவு.

அக்கா போன் பண்ணுவாள். அங்கே வீடு நான்காவது மாடியாம். லிப்ட் பாதி நாள் ஓடாதாம். அத்தானை ஆஸ்பத்திரிக்கு இறக்க இரண்டு பேர் வேண்டுமாம். ஆஸ்பத்திரி தெரு முனையில்தான் இருக்கிறதாம், ஜன்னலில் இருந்து பார்த்தால் தெரிகிறதாம். "எந்தூருன்னு கேக்குறாங்களா அக்கா?" என்று ஒரு தடவை கேட்டேன். "யாரும் ஒண்ணும் கேக்குறதில்ல புள்ள" என்றாள்.

போன வாரம் மழை கொஞ்சம் விட்டிருந்தபோது, வீடு சரிபார்க்க ஒரு பெண் வந்தாள். புதிதாக வேலையில் சேர்ந்தவள், முழங்கால் வரை சேறு. பாவம், ஓடையை நடந்தே தாண்டி வந்திருக்கிறாள். கையில் டேப்லெட். என் கடை வாசலில் நின்று எதிர்வீட்டைக் காட்டினாள். கதவில் சாக்பீஸ் குறி மழைச் சாரலில் பாதி அழிந்து, பாதி இருந்தது.

"இந்த வீட்டுல ஆள் இருக்காங்களா ஆன்ட்டி?"

எத்தனை வீட்டுக்கு இதைச் சொல்லியிருப்பேன்! தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அன்றைக்கு நான் அந்தக் கதவையே பார்த்தேன். என் வீட்டுக்காரர் தராசிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இருக்காங்க" என்றேன். "மாயாபந்தர் போயிருக்காங்க."

"எப்ப வருவாங்க?"

"சாயங்காலம் வந்துடுவாங்கம்மா."

அவள் எதிர்வீட்டுக் கொடியைப் பார்த்தாள். நீலச் சேலை காற்றில் ஆடியது. தலையை ஆட்டி, டேப்லெட்டில் ஏதோ தட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி தூறல் போட்டது. நான் ஓடிப்போய் அக்காவின் சேலையை எடுத்து உள்ளே வைத்தேன். மழை விட்டதும் திரும்பக் காயப் போட வேண்டும்.